பேசாத பிள்ளையும் வேலையிழந்த வீடும்

(பௌர்ணமிக் கூட்டத்தில் ஆற்றிய அறவுரை)



பகவான் புத்தர் தம் சீடர்களுக்கு இரண்டு அம்புகளைப் பற்றி ஓர் உவமை கூறியருளினார். அம்பு தைத்தால் உடலுக்கு வலி உண்டு. அது அறிவுடையோனுக்கும் உண்டு, அறிவிலிக்கும் உண்டு. ஆனால் அறிவிலியானவன் அவ்வலியைக் கண்டு புலம்பியும், வெகுண்டும், தன்னையும் பிறரையும் நொந்தும் தன் உள்ளத்தில் இரண்டாவது அம்பு ஒன்றையும் தானே தைத்துக்கொள்கின்றான். தன்மத்தைக் கேட்டவனோ முதல் அம்பின் வலியை மட்டுமே அறிவான். சங்யுத்த நிகாயத்திலுள்ள இவ்வுபதேசத்தை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். நன்று என்று தலையசைத்தும் இருக்கின்றோம். ஆயின் நம் வீட்டு அடுப்பங்கரையில் இதனை எங்ஙனம் கைக்கொள்வது? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

நம்மவர் இல்லங்களில் மெல்லிய குரலில் மட்டும் பேசப்படும் துன்பங்கள் இரண்டு உண்டு. ஒன்று, குடும்பத்திற்குச் சோறு போட்ட வேலை போய்விடுவது. மற்றொன்று, பிறந்த பிள்ளை பிற பிள்ளைகளைப்போல் பேசாமலும் பழகாமலும் வளர்வது. முதலாவதை நம் மக்கள் நன்கு அறிவர். 1982 ஜனவரி 18 அன்று பம்பாயில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2,50,000 தொழிலாளர் ஈடுபட்டனர். அவர்களுள் பல்லாயிரவர் மீண்டும் ஆலைக்குள் அடியெடுத்து வைக்கவே இல்லை. கோலார் தங்கவயலில் நம் முன்னோர் நூறாண்டுக்கு மேலாக இறங்கி உழைத்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. பெங்களூரின் பஞ்சாலைகளும் ஒவ்வொன்றாக அடங்கின.

இரண்டாவதை நம் மக்கள் அறிந்தது குறைவு. அதற்கு ஆட்டிசம் என்று பெயர். தமிழில் மதியிறுக்கம் என்றும் வழங்குவர். 1943-ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைக் கண்டு ஆராய்ந்து இதனை விளக்கி எழுதினார். இப்பிள்ளைகளுள் சிலர் பேசுவர். சிலர் பேசவே மாட்டார். அழைத்தால் திரும்பிப் பாராமல் இருப்பதும், ஒரு பொருளையே வரிசையாக அடுக்குவதும், நாள் ஒழுங்கு சிறிது மாறினாலும் பெருந்துயர் கொள்வதும், நமக்கு எளிதாயிருக்கும் ஓசை அவர்களுக்கு இடிபோல் இருப்பதும் உண்டு. இது மருந்தால் மாறும் நோயன்று. மூளை வளரும் வகையிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. இளமையிலேயே தக்க பயிற்சி அளித்தால் பிள்ளை பலவற்றைக் கற்கும்.

இவ்விரு துன்பங்களும் முதல் அம்புகள். இவை தைத்தால் வலிக்கும். வலிக்காது என்று கூறுவோன் தன்மத்தைப் போதிப்பவன் அல்லன். ஆயின் இரண்டாவது அம்பு எது? அதனைத்தான் ஊரார் நம் கையில் கொடுக்கின்றனர். “இது போன பிறவியில் செய்த பாவம்” என்னும் சொல்லே அந்த அம்பு. பிள்ளை பேசவில்லையா, அது தாய் செய்த வினை. ஆலை மூடிவிட்டதா, அது தகப்பன் தலையெழுத்து. நாம் திரிசரணம் அடைந்து பஞ்சசீலம் ஏற்ற பின்னும் இச்சொல் நம் தெருக்களில் உலவுகின்றது. புத்தர் படத்தின் முன்னே விளக்கேற்றிய கையோடு இதனைச் சொல்வோரும் உளர்.

அன்பர்களே! இதனைப் பகவான் ஒப்பினாரா? ராஜகிருகத்து வேணுவனத்தில் மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் இக்கேள்வியையே அவரிடம் கேட்டான். மனிதன் அடையும் இன்பதுன்பம் யாவும் முன்செய்த வினையின் பயனே என்று சிலர் கூறுகின்றனரே, தாங்கள் என்ன கருதுகின்றீர் என்றான். பகவான் அதனை மறுத்தருளினார். பித்தத்தால் வரும் துன்பம் உண்டு. கபத்தால் வருவது உண்டு. வாயுவால் வருவது உண்டு. இவை கலந்து வருவது உண்டு. பருவ மாறுதலால் வருவதும், உடலைப் பேணாமையால் வருவதும், பிறர் தாக்குதலால் வருவதும், வினையால் வருவதும் உண்டு என்று எட்டுக் காரணங்களை எடுத்துக்காட்டினார். எல்லாம் வினை என்போர் தம் அனுபவத்தையும் கடந்து, உலகம் அறிந்த உண்மையையும் கடந்து பேசுகின்றனர் என்றும் உரைத்தார். எட்டில் ஒன்றை எடுத்து எட்டுக்கும் சூட்டுவது பௌத்தம் ஆகாது.

பாபாசாகேப் அம்பேத்கரும் 1957-இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் இவ்விடத்தைத்தான் தொட்டார். ஏழையின் இழிநிலைக்கு அவன் முற்பிறவியே காரணம் எனக் கூறுவது, அரசும் சமுதாயமும் தம் பொறுப்பினின்று நழுவுவதற்கே பயன்படும் என்று கண்டித்தார். ஒரு நிர்வாகம் ஆலையை மூடுகின்றது. அதன் பழியைத் தொழிலாளியின் தலையெழுத்து சுமக்கின்றது! பேசாத பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை. அதன் பழியைத் தாயின் கருப்பை சுமக்கின்றது! இதைவிட அநீதி வேறு உண்டோ?

படித்தவர்களும் இந்த அம்பை எய்ததுண்டு. 1950-களிலும் 1960-களிலும் மேலைநாட்டு மருத்துவர் சிலர், தாயின் அன்புக் குறைவால் ஆட்டிசம் வருகின்றது என்று எழுதினர். எத்தனையோ தாய்மார் கண்ணீரில் கரைந்தனர். பின்னர் வந்த ஆராய்ச்சி அக்கொள்கையைத் தள்ளிவிட்டது. பிறப்போடு வரும் மரபுக்கூறுகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டென்பது தெளிவாயிற்று. 1998-இல் தடுப்பூசிமீது பழி போட்ட கட்டுரையையும் அதனை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே தாய்மார்களே, இப்பழியை உங்கள் தலையினின்று இறக்கி வையுங்கள். அது உங்களுடையது அன்று.

இனி, இரண்டாவது அம்பை விலக்கியபின் முதல் அம்பின் வலியோடு நாள்தோறும் வாழ்வது எங்ஙனம்? இதற்கு நூலறிவு போதாது. ஆகலான் என் இல்லத்தில் நடந்ததையே கூறுகின்றேன். நான் 1989 முதல் பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் வேலை செய்தவன். 1997-இல் பிறந்த என் மகன் இவ்வகைப் பிள்ளை. அவனுக்கு ஆறு வயதாகும்போது, 2003-இல், ஆலை மூடப்பட்டது.

அவனுடைய நாள் முழுவதும் ஆலைச் சங்கின்மீது கட்டப்பட்டிருந்தது. காலை ஏழு மணிச் சங்கிற்குமுன் நான் டிபன் பாத்திரத்துடன் புறப்படவேண்டும். பிற்பகல் மூன்று மணிச் சங்கு ஊதியதும் அவன் வாயிற்படிக்கு வந்து நிற்பான். ஷிப்டு மாறினால் அவன் தாங்கமாட்டான் என்பதை அறிந்த தோழர் ஒருவர், தம் காலை ஷிப்டை எனக்கு விட்டுக்கொடுத்து இரவு வேலையைத் தாம் ஏற்றிருந்தார். நான் வந்து அமர்ந்ததும் என் தலையிலும் சட்டையிலும் ஒட்டியிருக்கும் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைப்பான். அவன் என்னை ‘அப்பா’ என்று அழைத்ததில்லை. அதுவே அவன் என்னை வரவேற்கும் முறை.

ஆலை மூடியபின் சங்கு ஊதவில்லை. நான் பகலெல்லாம் வீட்டிலேயே இருந்தேன். தந்தை வீட்டிலிருந்தால் பிள்ளை மகிழும் என்பர். அவனுக்கோ, தெருவிலிருந்து மூன்று மணிக்கு வரவேண்டியவன் காலை முதலே கூடத்தில் அமர்ந்திருப்பது பெருங்குழப்பம் ஆயிற்று. மூன்று மணிக்கு வாயிற்படியில் நின்று அலறினான். தலையைச் சுவரில் மோதினான். நான் அவன் பின்னாலேயே நின்றேன். ஆயினும் அவன் காத்திருந்த தந்தை இன்னும் வரவில்லை.

என் மனைவிதான் வழி கண்டாள். “என்னங்க, வேலை இருக்கிறதோ இல்லையோ, நீங்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குக் கிளம்புங்கள், மூன்று மணிக்கு வாருங்கள்” என்றாள். அவ்வாறே செய்தேன். கூலிக்கு மூட்டை தூக்கவும், சுண்ணாம்பு அடிக்கவும், கடைகளில் வேலை கேட்கவும் அந்த எட்டு மணி நேரமும் பயன்பட்டது. வேலையில்லாதவன் டிபன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போகின்றான் என்று தெருவில் நகைத்தவர் உண்டு. நகைக்கட்டும். லாபமும் நஷ்டமும், புகழும் இகழும், வாழ்த்தும் வசையும், இன்பமும் துன்பமும் உலகத்தின் எட்டுக் காற்றுகள் என்று பகவான் கூறியிருக்கின்றாரன்றோ? இகழ் என்னும் காற்று அடித்தபோதும் மூன்று மணிக்கு ஒரு பிள்ளை வாயிலில் காத்திருந்தது. அதுவே எனக்குப் பெரிதாயிருந்தது.

என் தலையில் பஞ்சு இல்லை. மூன்று திங்கள்வரை அவன் தேடினான். பின்னர்த் தேடுவதை விட்டு, சட்டைப் பொத்தான்களைத் தொட்டு எண்ணத் தொடங்கினான்.

அடுத்து வந்தது அரிசி. கூலி வந்தநாள் ஒருவாறு கழியும். வராதநாள் நியாயவிலைக் கடை அரிசிதான். அதன் நிறமும் பருமனும் வேறு, மணமும் வேறு. அவன் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. இப்பிள்ளைகளுள் பலர்க்கு உணவின் நிறமும் பதமும் மாறினால் விழுங்கவே இயலாது, அது பிடிவாதமன்று. பெருங்கடல் கரையிலிருந்து சிறிதுசிறிதாகவே ஆழமாவதுபோலத் தம் தன்மத்திலும் பயிற்சி படிப்படியாகவே அமையும் என்று பகவான் கூறியது எங்களுக்குப் பயன்பட்டது. கடன் வாங்கிய பழைய அரிசியில் ஒரு சிட்டிகை புதிய அரிசியைக் கலந்தோம். சில நாள் கழித்து ஒரு பிடி; பின்னர் இரண்டு பிடி. நாற்பது நாட்களுக்குமேல் சென்றன. இறுதியில் உண்டான்.

வேலை போனதோடு ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் போயிற்று. என் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய வேலை நேரத்திற்கேற்ப நான் வீட்டுப் பொறுப்பை ஏற்றேன். இம்முறை மாறுதலைத் திடீரென்று செய்யவில்லை. சிறப்புப் பள்ளி ஆசிரியை ஒருவர் கற்பித்தபடி, காலையில் எழுவது, குளிப்பது, உண்பது, அம்மா புறப்படுவது, அப்பா தங்குவது, அம்மா திரும்புவது ஆகியவற்றை அட்டைகளில் படமாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டினோம். ஒவ்வொரு செயலும் முடிந்ததும் அந்தப் படத்தை அவனே கழற்றிப் பெட்டியில் போடுவான். அடுத்து வருவது இன்னதென்று கண்ணால் கண்டபின் அச்சம் தணிந்தது. அவனைக் குளிப்பாட்டவும், சமைக்கவும், அவனோடு கடைவீதி செல்லவும் நான் கற்றேன். ஆண்மகன் செய்யும் வேலையா இது என்று கேட்டவர்க்கு நான் விடை கூறியதில்லை. பகவான் வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைத் தம் கையாலேயே நீராட்டினார். ஆனந்தர் உடனிருந்து உதவினார். ததாகதர் செய்த வேலையைச் செய்ய நமக்கு என்ன நாணம்?

ஆலையில் நாங்கள் கற்ற ஒன்றும் எனக்கு உதவிற்று. ரிங் பிரேமில் இழை அறுந்தால் அதன்மீது சினந்து பயனில்லை. எங்கே அறுந்தது என்று பார்த்து, முனையைக் கண்டுபிடித்து, பதமாக ஒட்டவேண்டும். தேர்ந்த தொழிலாளி இழை அறுவதற்குமுன்பே அது தளர்வதைக் கண்டுகொள்வான். பிள்ளை அலறுவதற்குமுன்னும் அறிகுறி உண்டு. என் மகன் முதலில் காதைத் தேய்ப்பான். பின் விரல்களை விரைவாக ஆட்டுவான். அப்பொழுதே அவனை ஓசையிலிருந்து விலக்கி நிழலுக்கு அழைத்துச் சென்றால் அலறல் இல்லை. நாம் தியானத்தில் மூச்சைக் கவனிப்பதும் ஸ்மிருதியே. பிள்ளையின் விரலைக் கவனிப்பதும் ஸ்மிருதியே.

உபாசகர்களே! பிள்ளையை அதன் இயல்பின்படி கற்பிக்கவேண்டும் என்பதற்குப் பகவானே சான்று. சூளபந்தகர் என்னும் பிக்கு நான்கு மாதம் முயன்றும் ஒரு காதையை மனனம் செய்ய இயலவில்லை. தமையனாகிய மகாபந்தகரே அவரை வெளியேறச் சொல்லிவிட்டார். பகவான் அவரைக் கைவிடவில்லை. அதே காதையை மீண்டும் ஓதச் சொல்லவும் இல்லை. தூய வெள்ளைத் துணி ஒன்றைக் கையில் கொடுத்து, அதனைத் தடவிக்கொண்டே இருக்கச் சொன்னார். துணி அழுக்கடைவதைக் கண்டே அவர் நிலையாமையை உணர்ந்து அருகதரானார். சொல்லால் நுழையாத அறிவு கையால் நுழைந்தது. என் மகன் ஆலையிலிருந்து கொண்டுவந்த காலிப் பாபின்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டே இருந்தான். அதனையே தொழிலாக்கினோம். இன்று ஒரு தையற்கடையில் நூற்கண்டுகளை நிறம் பிரித்து அடுக்குகின்றான். பத்துச் சொற்களுக்குமேல் பேசமாட்டான். ஆயினும் சாயலில் சிறிதே வேறுபட்ட இரு நீலங்களை அவன் மாற்றி வைத்ததில்லை.

சிகாலனுக்கு உபதேசித்தபோது, பெற்றோர் மக்களுக்குச் செய்யவேண்டிய ஐந்து கடமைகளுள் தொழில் கற்பித்தலையும் உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தலையும் பகவான் வைத்தார். அதே உபதேசத்தில், ஆற்றலுக்கேற்ற வேலையும், உணவும் ஊதியமும், நோயில் பராமரிப்பும், ஓய்வும் தொழிலாளிக்குத் தருவது முதலாளியின் கடமை என்றும் வகுத்தார். ஆகவே வேலையிழந்தவன் தன் வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் இழப்பீட்டையும் கேட்பது இரந்து நிற்பதாகாது. அது தன்மம் ஒப்பிய உரிமை.

பிள்ளைக்கும் உரிமை உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஊனங்களைப் பட்டியலிட்டபோது அதில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இப்பிள்ளைகளுக்கென வந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்று, அவற்றுள் ஆட்டிசத்தையும் சேர்த்தது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உண்டெனச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை அச்சட்டத்தில் உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1,00,000 ரூபாய்வரை மருத்துவத்திற்கும் பயிற்சிக்கும் உதவி பெற வழி உண்டு. பதினெட்டு வயதான பின் பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் குழு உண்டு. நமக்குப்பின் இவன் கதி யாது என்று இரவெல்லாம் விழித்திருக்கும் பெற்றோர் முதலில் அக்குழுவை நாடுங்கள். உடைமையை ஒப்படைத்தல் என்னும் கடமை இவ்வாறும் நிறைவேறும்.

கடைசியாக, இக்கூட்டத்தாரை நோக்கி ஒரு சொல். ஆளவி நகரில் பகவான் உபதேசிக்க வந்தபோது, காணாமற்போன மாட்டைத் தேடி அலைந்து பசியோடு வந்த ஓர் ஏழைக்காகக் காத்திருந்தார். அவன் வந்ததும் முதலில் அவனுக்குச் சோறிடச் செய்தார். உண்டு களைப்பு நீங்கிய பின்னரே தன்மம் உரைத்தார். நம் மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் மதுரையில் கண்ணற்றவரையும், செவியற்றவரையும், கால் முடங்கியவரையும், பேணுவார் இல்லாதவரையும் அழைத்து உணவளித்த பின்னரே தான் உண்டான். நாம் செய்வது யாது? கூட்டத்தில் பிள்ளை ஒன்று எழுந்து நடந்தால், ஓசையெழுப்பினால், அதன் தாயைத் திரும்பிப் பார்க்கின்றோம். அப்பார்வைக்கு அஞ்சியே அவள் மறுமாதம் வருவதில்லை. இரண்டாவது அம்பை எய்வோர் அயலார் மட்டும் அல்லர்.

ஆகவே இன்று நான் உங்களை வேண்டுவன மூன்று. வேலையிழந்த வீட்டிற்குப் பிடி அரிசி சேர்த்துக் கொடுங்கள், கேட்கும்வரை காத்திராதீர்கள். இத்தகைய பிள்ளையுள்ள தாய்க்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒருவர் துணையிருங்கள், அவள் உறங்கட்டும். நம் கூட்டத்தில் ஒலிபெருக்கியைத் தாழ்த்தி, பின்புறம் பாய் ஒன்று விரித்து வையுங்கள். அப்பிள்ளைகள் அங்கே நடக்கட்டும், அமரட்டும், பொருள்களை அடுக்கட்டும். சங்கம் சரணம் என்று நாம் சொல்லும்போது அப்பிள்ளைக்கும் அதில் ஓர் இடம் இருக்கவேண்டும்.

வரும் பௌர்ணமிக்கு இக்கூட்டத்திற்கு வராமல் நின்றுவிட்ட குடும்பம் எது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் வீட்டிற்குச் சென்று, பிள்ளையோடு வாருங்கள் என்று அழையுங்கள்.

நமோ புத்தாய!